"அது பகிடிதானே" என்று கடந்துவிடாதீர்கள்: பிரித்தானியத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமாருக்கும் அண்ணாமாருக்கும்,

ஹரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் குடியிருக்கும் உங்களுக்கு 'லிட்டில் பிரிட்டன்' நகைச்சுவைத் தொடரை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு, சோபாவில் சாய்ந்தபடி நீங்கள் பார்த்த நிகழ்ச்சி அது. மறுநாள் வேலைத்தலத்தில் யாராவது "கம்பியூட்டர் சேய்ஸ் நோ" என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொன்னால், உங்களுக்கும் உடனே விளங்கியது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். இந்த நாட்டவர் சிரிக்கும் பகிடி ஒன்று, யாரும் விளக்கிச் சொல்லாமலே உங்களுக்குப் பிடிபட்டதில் ஒரு நிறைவும் இருந்தது. அந்த நிறைவைக் குறை சொல்ல இம்மடல் வரவில்லை.

அன்று தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு இன்று இருபது வயது தாண்டிவிட்டது. பிபிசி ஐபிளேயரில் அதே தொடரைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதைப் பார்த்தோ நீங்கள் சிரிச்சனீங்கள்?" என்று அந்தப் பிள்ளை கேட்கிறது. "அது பகிடிதானே, விடு" என்று பதில் சொல்லிவிட்டு நீங்கள் குசினிக்குள் போய்விடுகிறீர்கள்.

அந்த ஒரு வரிப் பதிலைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொய்ட் பொலிஸாரால் கொல்லப்பட்டதை அடுத்து, ஜூன் மாதத்தில் நெட்ஃபிளிக்ஸ், பிபிசி ஐபிளேயர், பிரிட்பொக்ஸ் மூன்றும் 'லிட்டில் பிரிட்டன்' தொடரை எடுத்துவிட்டன. சில நாள்களில் அதை எழுதி நடித்த மாட் லூகஸும் டேவிட் வாலியம்ஸும் ஒரே நேரத்தில் அறிக்கை விட்டார்கள். வேற்று இனத்தவராக வேடமிட்டது தவறு, அதற்காக வருந்துகிறோம் என்றார்கள். உங்களில் சிலர் "இதுக்கெல்லாமோ தடை?" என்று அலுத்துக்கொண்டீர்கள். வேறு சிலர் "அதுதான் மன்னிப்புக் கேட்டாச்சே" என்றீர்கள். இரண்டு கூட்டமும் அத்தோடு அந்தப் பேச்சை மூடிவிட்டன.

ஆனால் எதற்கு மன்னிப்புக் கேட்கப்பட்டது, எதற்குக் கேட்கப்படவில்லை என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

மன்னிப்பு முக்கியமாகப் பூச்சுக்கு உரியது. உடல் முழுவதும் கருமைப் பூச்சும் பருத்த பொய்யுடலுமாக வாலியம்ஸ் நடித்த டெசிரே, தாய்லாந்திலிருந்து வந்த மணப்பெண்ணாக லூகஸ் நடித்த டிங் டொங் போன்ற பாத்திரங்களுக்கு உரியது. அந்த வேடங்களில் பாத்திரத்தின் தோலும் உடம்பும் பேச்சுமே பகிடி. அவற்றைக் கழித்துவிட்டால் சிரிக்க அங்கே மிச்சம் இருப்பது சொற்பம். அந்தத் தொடரை மறுபடி செய்வதானால் கறுப்பினப் பாத்திரங்களில் தான் நடிக்கமாட்டேன் என்றும், இன்று செய்வதைவிடக் கொடூரமான நகைச்சுவையை அன்று செய்தோம் என்றும் லூகஸ் 2017இலேயே ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார். அந்த ஒப்புதலுக்கு மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும்.

எல்லாக் காட்சியும் ஒரே தரமானதல்ல என்பதையும் நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள். 'ஃபாட் ஃபைட்டர்ஸ்' என்ற உடல் மெலிவு வகுப்பை நினைத்துப் பாருங்கள். வகுப்பை நடத்தும் மார்ஜரி டோஸாக லூகஸ். வட்டமாகப் போட்ட கதிரைகளில் ஒன்றில் மீரா என்ற இந்தியப் பெண். மீரா தெளிவான ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்கிறாள். மார்ஜரி தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, விளங்கவில்லை என்கிறாள். மீரா திரும்பச் சொல்கிறாள். வகுப்பில் எல்லோருக்கும் விளங்குகிறது, மார்ஜரிக்கு மட்டும் ஒரு சொல்லும் எட்டவில்லை. இங்கே அம்பலப்படுவது மார்ஜரியின் மூடத்தனம்தான். வெள்ளையரல்லாத ஒருவர் செய்த பண்டம் என்று தெரிந்தவுடன் வாந்தி எடுக்கும் மாகியின் காட்சிகளும் அப்படித்தான். எழுதியவர்களின் நோக்கத்தில் சந்தேகமில்லை.

ஆனால் பள்ளிக்கூட முற்றத்துக்கு நோக்கம் கூடவே போவதில்லை, தலையைச் சாய்க்கும் அந்தச் சைகைதான் போகிறது. மார்ஜரி ஒரு முட்டாள் என்பதைக் கற்றுக்கொள்ளாமலே, "வாட்? சே இட் அகெய்ன்?" என்பதை ஒரு பத்து வயதுப் பிள்ளை கற்றுக்கொண்டுவிடலாம். அந்தச் சைகை உங்களுக்குப் புதிதா? வங்கிக் கவுண்டரில், வைத்தியரின் வரவேற்பு மேசையில், தொலைபேசியில் மின்சாரக் கட்டணத்தைப் பற்றிக் கேட்டபோது அதைச் சந்தித்தவர்கள் நீங்கள். இலக்கணம் பிசகாமல் பேசிய ஆங்கிலத்தை, உச்சரிப்பு வேறு என்பதற்காக மூன்று தடவை திருப்பிச் சொன்னவர்கள். கொழும்பில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஜோர்ஜ் அழகையா 2003இல் பிபிசியின் மாலை ஆறு மணிச் செய்திக்கு வந்தபோது, உங்கள் வீடுகளில் எவ்வளவு பெருமையாகப் பார்த்தீர்கள்! அதே ஆண்டு செப்டெம்பரில், அதே பிபிசியின் இன்னோர் அலைவரிசையில் 'லிட்டில் பிரிட்டன்' தொடங்கியது. ஒன்றில் நம்முடைய முகம் நாட்டுக்குச் செய்தி சொன்னது. மற்றதில் நம்மைப் போன்ற ஒரு முகம், ஒரு வசனத்தை விளங்க வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது.

லிண்டா ஃபிளின்ட் என்ற பாத்திரத்தை மறந்திருப்பீர்கள். பல்கலைக்கழக அலுவலகத்தில் இருக்கும் அந்தப் பெண், உதவி கேட்டு வந்த மாணவனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுப்பாள். வந்தவன் யார் என்று மறுமுனைக்கு விளங்க வைக்க, அவனுடைய தலைமயிரை, உடம்பை, இனத்தை ஒவ்வொன்றாக வர்ணித்து, கடைசியில் ஒரு வசைச் சொல்லில் கொண்டுபோய் முடிப்பாள். அதில் ஆசிய மாணவன் ஒருவன் வரும் காட்சியை, ஒளிபரப்பு ஒழுங்காற்று அமைப்பான ஒஃப்கொம் தன்னுடைய பார்வையாளர் ஆய்வொன்றில் மக்களுக்குப் போட்டுக் காட்டியது. அது அப்பட்டமான இனவெறி என்றும், தொடர் ஐபிளேயருக்குத் திரும்பி வந்த பிறகும் அது இன்னும் அங்கே இருப்பது வியப்பாக இருக்கிறது என்றும் பார்த்தவர்கள் சொன்னதாக, 2023இல் வெளிவந்த அந்த ஆய்வு கூறியது. பன்னிரண்டு எழுத்துப் பெயரோடு இந்த நாட்டுக்கு வந்து, அந்தப் பெயரைச் சொல்ல யாரும் மினக்கெடாததால் "அந்த இந்தியப் பெடியன்" ஆகிப்போனவர்கள் உங்களில் எத்தனை பேர்? எதிரில் இருப்பவனுக்குப் பெயர் இருக்க, உருவத்தை வைத்து அவனை அடையாளம் சொல்வது எப்படி வலிக்கும் என்று உங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இதே லூகஸும் வாலியம்ஸும் 2010 நத்தார் தினத்தில் தொடங்கிய 'கம் ஃபிளை வித் மீ' இன்னும் கிட்ட வந்தது. களம் விமான நிலையம். ஆசியத் தரைப்பணியாளர் தாஜாக லூகஸ் பழுப்புப் பூச்சில் வந்தார். கோப்பிக் கடையில் நிற்கும் பிரெஷஸ் என்ற கறுப்பினப் பெண்ணும் அவரேதான். ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லிக் கடையைப் பூட்டிவிட்டுப் போவது அந்தப் பாத்திரத்தின் வாடிக்கை. ஹீத்ரோவில் வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அந்தக் கோப்பிக் கடைகளை விடிய நாலு மணிக்குத் திறந்தவர்கள் யார் என்று. குளிரில் இரவு பஸ்ஸுக்குக் காத்து நின்று, கண்ணாடிக் கதவைத் திறந்து, முதல் விமானத்துக்கு வந்தவர்களுக்குப் பால் சூடாக்கிக் கொடுத்த கைகளின் நிறம் உங்களுக்கு நினைவிருக்கும். சாட்டுச் சொல்லிப் போகிற சோம்பேறி என்று அந்தக் கைகளைக் காட்டியபோதும், வீட்டில் சிரிப்புக் கேட்டது.

இதுவரை சொன்னது நமக்குப் பட்டது. உங்களிடம் இதைவிடக் கடினமாகக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

நமக்குப் படாததைப் பார்த்தும் நீங்கள் சிரித்தீர்களே?

முதல் தொடரின் நீச்சல் தடாகக் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். லூ, தான் பராமரிக்கும் ஆண்டியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருகிறான். ஆண்டியைத் தண்ணீருக்குள் இறக்குவது எப்படி என்று பணியாளரிடம் கவலையோடு விசாரித்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய முதுகுக்குப் பின்னால் ஆண்டி எழும்பி, படியேறி, உயரமான பலகையிலிருந்து குதித்து, நீந்திக் கரையேறுகிறான். லூ திரும்பும்போது ஒன்றும் தெரியாதவன் போல இருக்கிறான். அமைப்பில் அது கெட்டிக்காரத்தனமான காட்சி. லூவின் கள்ளமில்லாத அன்பும் அதில் இருக்கிறது. ஆனால் சக்கர நாற்காலியில் வெளியே போகும் ஒருவரின் பக்கமிருந்து அதைப் பாருங்கள். "எழும்பி நடக்க ஏலும், நடிக்கிறான்" என்ற சந்தேகத்தோடு வாழ்நாள் முழுக்கப் போராடுகிறவருக்கு, நாடே மனப்பாடமாக்கிய ஒரு காட்சி அந்தச் சந்தேகத்துக்கு முகம் கொடுத்தது. வேலை செய்யும் ஆற்றலை அளக்கும் புதிய பரிசோதனை 2008இல் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான புதிய கொடுப்பனவு முறை 2013இல் வந்தது. அவற்றுக்கு இந்தத் தொடர் காரணமில்லை. ஆனால் பரிசோதனை மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தவர்களுக்குப் பின்னால் ஆண்டியின் நிழலும் விழுந்தது. போரில் காலை இழந்து இந்த நாட்டுக்கு வந்தவர்கள் உங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். எத்தனை அடி நடக்க முடியும் என்று படிவத்தை வைத்துக்கொண்டு கேட்கும் அதிகாரியின் முன்னால் அவர்கள் கூனிக் குறுகி இருந்ததை நீங்களே மொழிபெயர்ப்பாளராகப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள்.

விக்கி பொலார்டை எடுத்துக்கொள்ளுங்கள். இளஞ்சிவப்பு உடுப்பு, மூச்சுவிடாத பேச்சு, படிப்பில்லை, இளம் வயதிலேயே பிள்ளை. ஓர் இசைத்தட்டுக்காக அந்தப் பிள்ளையையே கொடுத்துவிட்டதாக ஒரு பகிடி. அரசு வீடுகளில் வளரும் ஏழை வெள்ளைக்காரப் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தப் பெயர் பட்டமாக ஒட்டிக்கொண்டது. உழைக்கும் வர்க்கத்தை இந்த நாடு எப்படிக் கேலிப்பொருளாக்கியது என்று ஓவன் ஜோன்ஸ் 2011இல் எழுதிய புத்தகத்தில் விக்கியும் சாட்சியாக நிற்கிறாள். அவளை எழுதிய இருவரும் கட்டணப் பள்ளிகளில் படித்தவர்கள், பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்கள். "படிக்காட்டி விக்கி பொலார்ட் மாதிரித்தான் வருவாய்" என்று உங்கள் மகளிடம் நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லையா? அதே மாடிக் குடியிருப்பில், அடுத்த கதவுக்குப் பின்னால் இருந்த பிள்ளையைத்தானே அப்படிச் சொன்னீர்கள்? மூத்திரத்தை அடக்க முடியாத முதியவளையும், பெண்ணுடையில் வரும் எமிலியையும் பார்த்துச் சிரித்த சிரிப்பும் இதே கணக்கில்தான் வரும்.

ஏன் சிரித்தோம் என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது, அது சுகமான விளக்கமல்ல. ஊரோடு சேர்ந்து சிரித்தால் ஊரில் ஒருவராகலாம் என்ற நம்பிக்கை வந்து குடியேறியவனுக்கு இருக்கும். அதற்கு அவன் கொடுக்கும் விலை எவ்வளவு என்பதை லென்னி ஹென்றியின் வாழ்க்கையில் பார்க்கலாம். முகத்தில் கரி பூசிய வெள்ளையர்கள் ஆடிப் பாடிய 'பிளாக் அண்ட் வைட் மின்ஸ்ட்ரெல் ஷோ' பிபிசியில் 1958 முதல் 1978 வரை ஓடியது. இது வெட்கக்கேடு என்று பிபிசிக்குள்ளேயே உயர் கணக்கு அதிகாரியாக இருந்த பாரி தோர்ன் 1960களில் எழுதினார். 1967இல் இனப் பாகுபாட்டுக்கு எதிரான இயக்கம் ஒன்று மனுக் கொடுத்தது. மக்கள் விரும்பிப் பார்க்கிறார்கள் என்ற நியாயத்தில் அதற்குப் பிறகும் பதினொரு ஆண்டுகள் ஓடியது. அந்தக் குழுவின் மேடை நிகழ்ச்சிகளில் 1970களில், பதின்ம வயதுக் கறுப்பினப் பையனாக லென்னி ஹென்றியும் நடித்தார். பின்னாளில் நாடறிந்த கலைஞராகி, அந்தக் காலம் தனக்குள் விட்டுச்சென்ற வலியைத் திரும்பத் திரும்பப் பேசினார். மேடையில் நின்ற அவருக்கே அது விளங்கக் காலம் எடுத்தது என்றால், சோபாவில் இருந்து சிரித்த உங்களுக்கும் காலம் எடுத்ததில் குற்றமில்லை. விளங்கிய பிறகும் மறைப்பதுதான் பிழை.

பகிடியே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. பிபிசியில் 1998இல் வந்த 'குட்னஸ் கிரேஷஸ் மீ' தொடரை நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்துப் பார்த்தீர்கள். வெறியில் ஆங்கிலேய உணவகத்துக்குப் போகும் இந்திய இளைஞர்கள், இருப்பதிலேயே உப்புச் சப்பில்லாத சாப்பாட்டைக் கேட்டு, பரிமாறுபவரின் பெயரைக் கடித்துக் குதறும் காட்சி அதில் வரும். அங்கும் நடிப்பு இருந்தது, மிகைப்படுத்தல் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை இரவுகளில் கறிக்கடைகளில் நம்மவர்கள் பொறுத்துக்கொண்டதை அது அப்படியே திருப்பிப் போட்டுக் காட்டியது. கிரோலியில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளை ரொமேஷ் ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து நகைச்சுவைக்கு வந்தவர். 2015இல் 'ஏசியன் ப்ரொவோகேட்டர்' நிகழ்ச்சிக்காக இலங்கைக்குப் போனபோது, தன்னைத்தானே பகிடியாக்கினார். திரையில் வந்த அவருடைய அம்மா அம்மாவாகவே வந்தார், தன் வார்த்தையில் மகனுக்குப் பதில் கொடுத்தார். அவரைப் போல வேடமிட யாரும் தேவைப்படவில்லை.

லூகஸையும் வாலியம்ஸையும் கொடியவர்களாகப் பார்க்கவும் உங்களைக் கேட்கவில்லை. லூகஸுக்கு ஆறு வயதில் தலைமயிர் முழுக்கக் கொட்டியது, ஊரார் உற்றுப் பார்ப்பது என்னவென்று தெரிந்த பிள்ளை அவர். ஊரிலேயே ஒரே தன்பாலீர்ப்பாளன் தான்தான் என்று அடம்பிடிக்கும் டாஃபிட், தன்பாலீர்ப்பாளரான லூகஸே நடித்த பாத்திரம். எமிலியாக நடித்த வாலியம்ஸ், 2008இல் எழுதிய தன் முதல் சிறுவர் நாவலில், சட்டை போட ஆசைப்படும் ஒரு பையனின் பக்கம் நின்றார். வலி தெரிந்தவர்களும் மற்றவரை வலிக்கச் செய்யலாம். உங்களுக்கும் அது பொருந்துகிறது என்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாய் திறந்தால் மாற்றம் வரும் என்பதற்கும் இதே கதையில் சான்று உண்டு. வாலியம்ஸின் 'உலகின் மிக மோசமான பிள்ளைகள்' தொகுப்பில் சீனப் பையன் ஒருவனைப் பற்றிய கதை இருந்தது. புத்தகம் 2016இல் வந்து, ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போய்விட்டது. சீன வம்சாவளிப் பெண் ஒருவர் அந்தக் கதை பிள்ளைகளை எப்படிப் பாதிக்கும் என்று வெளிப்படையாகப் பேசிய பிறகு, மறுபதிப்பில் அது நீக்கப்படும் என்று ஹார்ப்பர்கொலின்ஸ் பதிப்பகம் 2021இல் அறிவித்தது. பகிடிதானே என்று அவர் விட்டிருந்தால் உங்கள் பேரப்பிள்ளையின் புத்தக அலுமாரியிலும் அது இருந்திருக்கும்.

'லிட்டில் பிரிட்டன்' 2022இல் ஐபிளேயருக்குத் திரும்பி வந்தது. காலமாற்றத்துக்கு ஏற்பச் சில இடங்கள் வெட்டப்பட்டதாக பிபிசி சொன்னது. வெட்டியதைவிட, வெட்டிய இடத்தில் ஒரு வரி விளக்கமும் இல்லாததுதான் குறை. இன்று பார்க்கும் பிள்ளைக்கு அங்கே என்ன இருந்தது என்று தெரியாது. ஆண்டியும் விக்கியும் வெட்டுப்படாமல் நிற்பதால், அவற்றில் குறையில்லை என்றே பிள்ளை நினைக்கும். அங்கே என்ன இருந்தது என்று அறிந்த தலைமுறை நீங்கள். முதல் ஒளிபரப்பில் பார்த்தவர்கள், சிரித்தவர்கள், இன்று கேள்வி கேட்கும் பிள்ளையின் பெற்றோர்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். ஒரு மாலை நேரம், பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு பாகத்தை முழுதாகப் பாருங்கள். ஒவ்வொரு காட்சி முடியவும் நிறுத்தி, இதில் யார் சிரிக்கிறார்கள், யார் செலவில் சிரிக்கிறார்கள் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதிலைக் குறுக்கிடாமல் கேளுங்கள். வெட்டப்பட்ட காட்சிகளில் என்ன இருந்தது என்று நீங்கள் சொல்லுங்கள். "நானும் சிரிச்சனான்" என்று சொல்லுங்கள். ஏன் சிரித்தீர்கள் என்பதையும் வங்கிக் கவுண்டர் கதையோடு சேர்த்துச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் மாமாவைப் பற்றியும், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றியும் உங்கள் வீட்டில் புழங்கும் பகிடிகளை அன்றோடு நிறுத்துங்கள்.

பிறகு பிபிசிக்கு நாலு வரி எழுதுங்கள். நீங்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடக்கும் நிறுவனம் அது, எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. தொடரைத் தடை செய்யச் சொல்லாதீர்கள். எந்தக் காட்சி நீக்கப்பட்டது, ஏன் நீக்கப்பட்டது என்று ஒவ்வொரு பாகத்தின் தொடக்கத்திலும் வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால் பிள்ளையையே எழுதச் சொல்லி, கீழே உங்கள் முழுப் பெயரையும், பன்னிரண்டு எழுத்தானாலும், சுருக்காமல் போடுங்கள்.

பிள்ளை அந்தக் கேள்வியை மறுபடி கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரக் கடைசியில் நீங்களே தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்